காலுக்குத் தெரிந்தது

செல்லமுத்துவின் கால் மரத்துப் போயிருந்தது, அதனால்தான் கொல்லிமலை இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை, அதனால்தான் தேவிப்ரியா செத்துப்போனாள். எங்கள் ஊரில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டதும் இதைத்தான். செல்லமுத்துவே அப்படிச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். அது அப்படி இல்லை என்று வசந்தாமணி அக்காவுக்குத் தெரியும். அவள் சொல்லி எனக்குத் தெரியும்.

சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். கிழக்கே மலை நிற்பதால் எங்களுக்கு வெயில் தாமதமாகத்தான் வரும். வந்துவிட்டால் போகாது. காரவள்ளி தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கி வருகிற வண்டிகள் எங்கள் ஊரைக் கடக்கும்போது சக்கரத்திலிருந்து கருகிய வாடை அடிக்கும். சில வண்டிகள் நிற்கும். டிரைவர் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறுவார். எதிரிலேயே சிவக்குமாரின் பட்டறை இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓட்டிவிடுவார். அப்படி வந்த வண்டிகளால்தான் அந்தப் பட்டறை நடந்தது. சிவக்குமார் எல்லா வேலையும் செய்வார். ஆனால் பிரேக்குக்குத்தான் அவர் பெயர்.

பட்டறைக்கு நேர் எதிரே எங்கள் வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பேன். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார், உள்பாவாடை தைப்பதற்கு. ஒரு நாளைக்கு நாற்பது தைப்பேன். தைத்துக்கொண்டே பட்டறையில் நடப்பதையெல்லாம் பார்ப்பேன். யாரும் என்னை ஒரு ஆளாகக் கவனித்ததில்லை என்பதால் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பிரேக் ஆயில் போகிற குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் மெத்தை மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஏர் எடுக்கிறது என்பார்கள். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, அமுக்கியபடியே பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அங்கே இருக்கிற சின்ன நிப்பிளைத் திறப்பார். அதில் மாட்டிய டியூப் வழியாக ஆயிலோடு குமிழி குமிழியாகக் காற்று பாட்டிலுக்குள் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்னால் எடுத்துவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். பெடலுக்குத் தூரத்தில் இருக்கிற இடது பின்சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக முன்னால் வர வேண்டும். பழைய ஆயில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். தேன் நிறத்தில் வரும் வரைக்கும் புது ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டுவார்கள்.

சிவக்குமார் கீழே படுத்திருப்பார். மேலே அமுக்குகிறவள் அவர் மனைவி வசந்தாமணி அக்கா. பதினைந்து வருஷமாக அவள்தான்.

“அமுக்கு.”

“புடி.”

“உடு.”

இந்த மூன்று சொற்களைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சு இல்லை. வேலை முடிந்ததும் கடைசியாக ஒருமுறை, “கட்டியா இருக்குதா?” என்று கேட்பார். பெடல் இறுக்கமாக நிற்கிறதா என்று அர்த்தம். அவள் “ம்” என்பாள். அத்துடன் சரி. மத்தியானம் தட்டைக் கொண்டுவந்து பலகை மேல் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, மேலே கரண்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவாள். அந்தச் சத்தம் கேட்டு அவர் கை கழுவ எழுந்திருப்பார். அரிசியும் பருப்பும் போட்ட சோறு, கொள்ளு ரசம், ஞாயிற்றுக்கிழமையானால் கோழி. சமையலில் ஒரு குறையும் வைத்ததில்லை. பேச்சைத்தான் நிறுத்திக்கொண்டாள்.

அது விபத்துக்கு ஒரு வருஷம் முன்னால். தம்மம்பட்டியில் அக்காவின் அம்மா இறந்துபோனதாகக் காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அப்போது பட்டறையில் ஒரு வண்டியின் நாலு சக்கரமும் கழற்றிக் கிடந்தன, பிரேக் குழாய்கள் திறந்திருந்தன. வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகலாம் என்று சிவக்குமார் சொன்னார். அக்கா அழுதுகொண்டே சீட்டில் ஏறி உட்கார்ந்து அமுக்கினாள். காற்று போகவில்லை. ஒரு சக்கரத்தில் போனால் இன்னொன்றில் வந்தது. முடிக்கும்போது மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. தம்மம்பட்டியில் இவளுக்காக மூன்றரை வரைக்கும் காத்திருந்தார்கள். பிறகு பச்சமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் எடுத்துவிட்டார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததிலிருந்து அவள் அவரிடம் பேசவில்லை. திட்டவும் இல்லை, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகவும் இல்லை. போவதற்கு அங்கே அம்மா இல்லையே என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

இருவரையும் சேர்த்துவைக்க முயன்றவர் செல்லமுத்து ஒருவர்தான். சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். அக்காவுக்குத் தம்மம்பட்டி வழியில் அண்ணன் முறை. அதனால் சிவக்குமாரை மாப்ளை என்பார். சர்க்கரை வியாதிக்காரர். காலில் செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் பாதி ரோடு நடந்து வருவார். பின்னாலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு யாராவது ஓடிவருவார்கள். அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டார். திங்கட்கிழமை ஒரு குடும்பத்தை மலைமேல் இருக்கிற அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஏற்றிப் போக வேண்டுமாம், குழந்தைக்கு மொட்டை போட. பழைய ஆயிலையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிது போட்டுத் தரச் சொன்னார்.

வேலை வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கியது. அன்று அக்காவின் அம்மாவுக்கு வருஷத் திதி. ஒன்றேகால் பஸ்ஸைப் பிடித்து இராசிபுரம் போய், அங்கிருந்து தம்மம்பட்டி பஸ் ஏற வேண்டும். நாலு மணிக்குப் படையல். அவள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. குளித்து, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துவந்து பட்டறை வாசலில் ஆணியில் மாட்டினாள். பிறகு வந்து சீட்டில் உட்கார்ந்தாள். சிவக்குமார் பையைப் பார்த்தார். அவருக்கு அது போதும்.

அன்றைக்கு அவர் வேலை செய்த வேகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டீ வந்தது, ஆறிப்போனது. ஒரு லாரிக்காரர் வந்து கூப்பிட்டதற்குத் தலையைக்கூட வெளியே நீட்டவில்லை. செல்லமுத்து ஒரு டயர் மேல் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு வாயை மூடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏம் மாப்ள, ஊரு வண்டிக்கெல்லாம் ஏர் எடுக்கறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவால அடைச்சுக் கெடக்குதே, அதை எப்ப எடுக்கறதா உத்தேசம்?”

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “அதுக்கு நிப்பிளு எங்க இருக்குதுன்னே தெரியலீங்க மச்சான்.”

செல்லமுத்துவுக்குச் சிரித்துப் புரையேறியது. அக்கா கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் உதடு ஒரு பக்கம் லேசாக இழுபட்டதை நான் பார்த்தேன்.

நிப்பிளைத் திறந்ததும் பெடல் தரை வரைக்கும் இறங்கும்; பழைய வண்டிகளில் அப்படி விடக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் என்கிற உருளைக்குள் ரப்பர் கப் ஒன்று இருக்கும். அது வழக்கமாக ஓடுகிற இடத்தைத் தாண்டிப் போனால் அங்கே துருப்பிடித்த சொரசொரப்பில் பட்டுக் கிழிந்துவிடும். அதற்காகவே பெடலுக்கு அடியில் வைக்க ஒரு மரத்துண்டு வைத்திருந்தார் சிவக்குமார். அன்று அது இன்னொரு வண்டியின் ஜாக்கிக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் அந்த வண்டியை இறக்கி, வேறு கட்டை தேடி, திரும்ப ஏற்ற வேண்டும். அவர் அதைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தார், அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டார். அவசரம் அவளுக்காகத்தான்.

நாலாவது சக்கரம் முடிந்தபோது பன்னிரண்டே முக்கால்.

“அமுக்கு. புடி.”

அக்கா பிடித்திருந்தாள். நிப்பிள் மூடியிருந்தும் அவள் பாதத்துக்கு அடியில் பெடல் இறங்கியது. படக்கென்று இல்லை. தண்ணீர் வற்றுகிற மாதிரி, நூல் நூலாக. அவள் இன்னும் அழுத்திப் பார்த்தாள். இன்னும் இறங்கியது. காலை எடுத்துவிட்டுப் பட்டென்று அமுக்கினால் கல் மாதிரி நின்றது. மெதுவாக அமுக்கிப் பிடித்தால் மறுபடியும் இறங்கியது. அது காற்று இல்லை, கப் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பதினைந்து வருஷமாக அமுக்குகிற கால். சொன்னால் சிலிண்டரைக் கழற்ற வேண்டும், சேலத்துக்கு ஆள் அனுப்பிக் கப் வாங்கி வர வேண்டும், திரும்ப நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். பொழுது போய்விடும்.

“கட்டியா இருக்குதா?”

“ம்.”

சிவக்குமார் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்துப் பாலம் வரைக்கும் போய்வந்தார். சமதரையில் நறுக்கென்று மிதித்தால் நறுக்கென்று நின்றது. இறக்கத்தில் மாதிரி மிதித்தே பிடித்துப் பார்க்கவில்லை. அதற்குள் அக்கா பையோடு பஸ் நிற்கும் இடத்தில் இருந்தாள். பஸ் வந்து, அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

தம்மம்பட்டியில் அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் படையல் வைத்தார்கள். பச்சை மாவும், கத்தரிக்காய்ப் பொரியலும், அம்மாவுக்குப் பிடித்த பச்சை நாடான் வாழைப்பழமும் வைத்ததாக வந்து சொன்னாள். சனிக்கிழமை மாலை திரும்பிவிட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கூந்தலில் பூகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவாக்கில் அவள் பட்டறை வாசலில் போய் நின்றாள். சிவக்குமார் ஒரு வேனுக்கு அடியில் இருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் ஒரு பாவாடையை முழுக்கத் தைத்து நாடா கோத்து முடிக்கும் வரைக்கும் அவள் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். எதற்கு நின்றாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு சொன்னாள். “ஒரு வருசம் கழிச்சு வாயத் தொறக்கறேன் கண்ணு. மொத வார்த்தையே நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றதா இருக்குது. எப்படிச் சொல்றதுன்னு பாத்துக்கிட்டே நின்னேன். நாளைக்குக் காலைல சொல்லிக்கலாம், வண்டி பொறப்படறதுக்கு முன்னாலன்னு நெனச்சேன்.”

செல்லமுத்து விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிட்டார். மொட்டைக்கு நல்ல நேரம் காலையிலேயே இருந்ததாம்.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மலைக்கு மேலே வெயில் வெள்ளையாக நின்றது. பைக்கில் வந்த ஒருவர் பட்டறையில் சொன்னார். முப்பத்தெட்டாவது வளைவில் வெள்ளைக் கார் நிற்காமல் வந்திருக்கிறது. ஒருபக்கம் பள்ளம், ஒருபக்கம் மலை. செல்லமுத்து மலைப் பக்கம் திருப்பியிருக்கிறார். பாறையில் இடித்து நின்றது. முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள் மொட்டை போட்ட குழந்தையின் அம்மா, தேவிப்ரியா. இருபத்துநாலு வயது. குழந்தையைப் பின்சீட்டில் அதன் மாமன் மடியில் கொடுத்திருந்தாள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. தலையில் பூசிய சந்தனம் அப்படியே இருந்ததாம்.

சிவக்குமார் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியைக் கீழே இழுத்துவந்து போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். ஆபீசர் ஒருவர் வந்து சோதித்தார். ஆயில் முழுசாக இருந்தது, ஒழுகல் இல்லை. பெடலை மிதித்துப் பார்த்திருக்கிறார், இறுக்கமாக இருந்திருக்கிறது. பிரேக் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிவிட்டார். செல்லமுத்துவிடம் கேட்டபோது, எனக்கு ரொம்ப நாளாகவே கால் மரத்துப் போகிறது, பெடல் மேல் கால் இருக்கிறது என்றுதான் நினைத்தேன், எங்கே இருந்ததோ தெரியவில்லை என்றார். அவர் அதை நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

அக்கா மறுநாள் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாவாடைத் துணியின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, நீ யாரிடமும் போய்ப் பேசமாட்டாய் என்றாள். அது உண்மைதான்.

பட்டறைக்கு வண்டிகள் வருவது நிற்கவில்லை. தப்பு டிரைவருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. சிவக்குமார் வாரம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு செல்லமுத்துவைப் பார்க்கப் போவார். பெடலுக்கு அடியில் வைக்கிற மரத்துண்டைப் பட்டறையில் நான் பிறகு பார்க்கவில்லை. அடுத்த வண்டிகளுக்கு அவர் ஒரு செங்கல்லை வைத்தார்.

இருபது நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். செல்லமுத்து அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிடப் போகிறேன், தனியாகப் போனால் பாதியில் திரும்பிவிடுவேன், நீ கூட வா என்றாள். அவர் இருக்கிற காளப்பநாய்க்கன்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் கிழங்கு பிடுங்கிய காடு செம்மண்ணாகக் கிடந்தது. அனல்காற்று. பஸ்ஸில் அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது.

நாங்கள் போனபோது வாசலில் சிவக்குமாரின் பைக் நின்றது. அக்கா அதைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

செல்லமுத்து கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தார். முறிந்த இடது காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். வலது கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. சிவக்குமார் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். செல்லமுத்துவின் மனைவி உண்ணாமலை எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, இவர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை, மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்று முறையிட்டாள். தேவிப்ரியாவின் வீட்டுக்காரர் வந்துவிட்டுப் போனாராம். சண்டை போடவில்லை. காலுக்கு உணர்ச்சி இல்லாதவர் எதற்காக மலைக்கு வண்டி எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாராம். அதைச் சொல்லும்போது செல்லமுத்து அந்த வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லைசென்ஸை அவங்க கேக்கறதுக்கு முன்னாலயே குடுத்துப்புட்டேன் அம்மிணி. இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஒரு புள்ளையோட ஆயியக் கொன்னுபோட்டேன்.”

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“உங்க காலு இல்லீங்ணா.”

சிவக்குமாரின் கை நின்றது. அவள் தொடர்ந்து பேசினாள். குரல் நடுங்கவில்லை. பஸ்ஸில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்தது.

“பெடலு எறங்குச்சுங்ணா. அன்னிக்கு நான் புடிச்சிருக்கறப்பவே எறங்குச்சு. இவிய கட்டியா இருக்குதான்னு கேட்டாங்க. நான் ம்னு சொல்லிப்போட்டேன். சொன்னா மறுபடியும் பிரிப்பாங்க, பஸ்ஸு போயிரும், அம்மாளுக்குச் சோறு வெக்கறதுக்கும் போகாம ஆயிரும்னு சொல்லிப்போட்டேன். உங்க காலுக்குத் தெரியாமப் போயிருக்கலாங்க. என்ற காலுக்குத் தெரிஞ்சுது.”

செல்லமுத்து அவளைப் பார்த்தார். பிறகு சிவக்குமாரைப் பார்த்தார்.

“என்ன மாப்ள இது?”

சிவக்குமார் ஆரஞ்சுத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரத்துண்டை நினைத்தாரா, போலீஸை நினைத்தாரா, எதிரே நிற்கிற மனைவியை நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

“பெடலு நல்லாத்தானுங்க இருந்துச்சு மச்சான். நானே பாலம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். ஆபீசரும் பாத்து எழுதியிருக்காரு.” கொஞ்சம் நிறுத்தி, “இவ உங்க மேல இருக்கற பாசத்துல பேசறா” என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். அவரோ தலையைத் தூக்கவில்லை.

செல்லமுத்துவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் சிரித்தார். “பாத்தியா உண்ணாமலை? ஒரு வருசமா வாயத் தொறக்காதவ. என்னைக் காப்பாத்தறதுக்கு எத்தன பேச்சுப் பேசறா பாரு. தன் மேலயும் கட்டின புருசன் மேலயும் பழியப் போட்டுக்கிட்டு.”

“நெசமாத்தான் சொல்றேனுங்ணா.”

“உக்காரு சாமி. நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன். ஆனா எனக்குத் தெரியுமல்ல.” அவர் கையை நீட்டினார். “உன்ற தாலிக்கொடில ஊக்கு இருக்குதா? ஒண்ணு குடு.”

எதற்கென்று புரியாமலேயே அவள் ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைத் திறந்தார். குனிந்து வலது காலைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டு, பெருவிரலுக்குக் கீழே, பெடலில் படுகிற அந்தத் தடித்த இடத்தில் ஊக்கைக் குத்தினார். உண்ணாமலை ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் இன்னொரு தடவை, ஆழமாக. அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டிய பிள்ளை மாதிரி.

“பாத்துக்கிட்டீங்களா? ஒண்ணும் தெரியல.”

ஒரு சொட்டு ரத்தம் மெல்லத் திரண்டு நின்றது. அக்கா கீழே உட்கார்ந்து புடவைத் தலைப்பால் அதை ஒற்றினாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் ஒற்றினாள். பிறகு அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தன் நெற்றியை அதன் மேல் வைத்தாள். செல்லமுத்து அதற்குள் சிவக்குமாரின் பக்கம் திரும்பியிருந்தார். அந்த வண்டியை உடைசலுக்குப் போட வேண்டாம், என்ஜின் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.